வண்டிப்பாதையும் டெல்லியும்

அம்பாசமுத்திரம்
12.1.2026

அன்புள்ள ராமலிங்கம்,

பொங்கல் வாழ்த்து. மூட்டுவலி அப்படியே இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எட்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று வைவாய். கேஸ் முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். முடிந்துவிட்டது, தோற்றுவிட்டேன். சிரிக்காதே.

அதே வண்டிப்பாதைதான். பெரியப்பா மகன் வயலின் வடவரப்பை ஒட்டி நம் கிணற்றுக்குப் போகுமே, கரும்போடு நீயும் நானும் ஓடி வந்த பாதை. 1998-ல் முன்சீப் கோர்ட்டில் போட்டேன். அங்கே ஜெயம், சப் கோர்ட்டில் தோல்வி, உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீலிலும் தோல்வி. அத்தோடு விட்டிருக்கலாம். வக்கீல், “ஒரு எஸ்.எல்.பி. போட்டுப் பார்ப்போம் சார்” என்றார். உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் செய்யச் சிறப்பு அனுமதி கேட்கிற மனு அது. உன் தங்கச்சி அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள்.

டெல்லிக்குப் போகிற காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு அப்படி. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்’ என்று இருக்கிறதல்லவா? வழக்கமான பாதை என்றுதான் பொருள். மொழிபெயர்த்த பையன் ‘மாமூல்’ என்பதற்கு லஞ்சம் என்று அர்த்தம் போட்டு அனுப்பியிருக்கிறான். லஞ்சம் கொடுத்து வாங்கிய பாதை என்று என் மனுவே சொல்லியிருக்கும்! வக்கீல் பார்த்தாரோ, தப்பித்தேன்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை விசாரணை. வக்கீல் லிங்க் அனுப்பினார். குளித்து, திருநீறு பூசி, வேஷ்டி கட்டி, பேத்தியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? மனசு கேட்கவில்லை. எங்கள் நம்பர் 37. கூப்பிட்டார்கள். நம் வக்கீல் ‘மை லார்ட்ஸ், ஈஸ்மென்ட்’ என்று பாதை உரிமையை எடுப்பதற்குள் பெரிய நீதிபதி ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி, ‘வி ஆர் நாட் இன்கிளைன்ட்’ என்றார், தலையிட மனமில்லையாம். 38 வந்துவிட்டது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை.

இருபத்தேழு வருஷம், ஒரு கண்ணாடி துடைப்பு. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கோர்ட் மேல் கோபம் ஒரு வாரம்தான் இருந்தது. எஸ்.எல்.பி.க்கு வழிவிடுகிற 136-ஆம் பிரிவை உட்கார்ந்து படித்தேன். அது எனக்குக் கொடுத்த உரிமை இல்லை ராமலிங்கம். விருப்பப்பட்டால் அவர்கள் கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான். நாடு முழுவதும் வரப்புத் தகராறும் வாடகைத் தகராறும் அந்தக் கதவைத்தான் தட்டுகின்றன. உள்ளே இருப்பது தலைமை நீதிபதியையும் சேர்த்து முப்பத்துச் சொச்சம் பேர். எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க முடியுமா? அப்படியானால் தட்டவிடுவானேன் என்பது வேறு சண்டை. நேரில் வா, போடுவோம்.

என் ஆத்திரம் பெரியப்பா மகன் மேல்தான். ‘உச்ச நீதிமன்றமே பாதை எங்களுதுன்னு தீர்ப்புச் சொல்லிட்டு’ என்று டீக்கடையில் தினமும் கச்சேரி. சொல்லவே இல்லையடா! காரணம் எழுதாமல் எஸ்.எல்.பி.யைத் தள்ளினால், ‘இதில் தலையிட எங்களுக்கு மனமில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். கீழே கொடுத்த தீர்ப்பு சரி என்று அதற்கு முத்திரை விழவில்லை. நான் சொல்லவில்லை, 2000-ல் குன்ஹயம்மது என்ற கேரள வழக்கில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அனுமதி கொடுத்து, அப்பீலாக எடுத்து விசாரித்து முடித்தால்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் கரையும். நான் தோற்றது உயர் நீதிமன்றத்தில். டெல்லியில் தோற்கவில்லை, டெல்லி என்னைப் பார்க்கவே இல்லை. டீக்கடையில் இதை விளக்கினேன். மாஸ்டர், ‘ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி’ என்கிறான்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்தக் கோர்ட்டின் பெரிய அதிகாரமே நில வழக்கில் பிறந்ததுதான். காசர்கோடு பக்கம் எடநீர் மடத்துச் சாமியார் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் மடத்து நிலம் போகிறதே என்று போனார். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24-ல் ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு: நாடாளுமன்றம் அரசியலமைப்பை எப்படியும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது. சாமியாருக்கு நிலம் கிடைக்கவில்லை. அவர் எதிர்த்த நிலச் சட்டங்களுக்குக் காவலாக வந்த 29-ஆம் திருத்தம் செல்லும் என்றுவிட்டார்கள். அப்புறம் நம் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் சட்டத்தில் கிளம்பிய கொய்லோ வழக்கு. அந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு கோர்ட் தொடாதபடி ஒன்பதாம் அட்டவணைக்குள் ஒளித்துவைத்த சட்டத்தையும் நாங்கள் பார்ப்போம் என்று 2007-ல் ஒன்பது பேர் சொன்னார்கள். என் பதினோரு அடிப் பாதையிலிருந்தும் ஏதாவது பிறந்திருக்கலாம். கொடுப்பினை இல்லை.

உன் போன கடிதத்துக்கு வருகிறேன். ‘ஒருத்தனும் ஓட்டுப் போடாத ஆட்கள் நாட்டை ஆளலாமா’ என்று எழுதியிருந்தாய். போன வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி எங்கே போயிருந்தது இந்த ஞானம்? ஆளுநர் கிடப்பில் போட்ட பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று இரண்டு நீதிபதிகள், முழு நீதிக்காக எந்த உத்தரவும் போட இடம்தரும் 142-ஆம் பிரிவை எடுத்து வீசியபோது போனில் குதித்தாயே. குடியரசுத் தலைவர் 143-இன் கீழ் கருத்துக் கேட்டு, ‘காலக்கெடு வைக்க எங்களுக்கு அதிகாரமில்லை, கருதப்பட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது’ என்று நவம்பர் 20-ல் ஐந்து பேர் சொன்னதும் உனக்கு ஜனநாயகம் ஞாபகம் வந்துவிட்டது. நமக்குப் பிடித்ததைச் சொன்னால் காவலன், பிடிக்காததைச் சொன்னால் ஓட்டு வாங்காதவன். நானும் யோக்கியன் இல்லை. கண்ணாடி துடைத்த அன்று உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். மணி மணியாக எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது!

ஆனாலும் எனக்கு அந்தக் கோர்ட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பழனியின் அண்ணனை, விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் கொண்டுபோன வருஷத்தை நினைத்துப் பார். அவன் அம்மா நம் விடுதி வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாளே, பையில் அவனுக்கு ஒரு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு. அதே 1976-ல், அப்படிப் பிடிபட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற ஜபல்பூர் வழக்கில், ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால் நிவாரணம் உண்டா என்று நீதிபதி கன்னா கேட்டார். நெருக்கடிநிலை இருக்கும்வரை இல்லை என்று அரசின் வக்கீல் பதில் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரில் நாலு பேர் அரசு பக்கம் சாய்ந்தார்கள். கன்னா ஒருத்தர்தான் மாட்டேன் என்றார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்தார். நாலு பேர் சொன்னது தப்பு என்று அதே கோர்ட் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆயிற்று.

பழனியின் அம்மா அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டாள். கோர்ட்டைப் பற்றி நீ எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழிவிடுகிற 32-ஆம் பிரிவுதான் அரசியலமைப்பின் ஆன்மா என்றார் அம்பேத்கர். அந்த வருஷம் அந்த ஆன்மா எங்கே போயிருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது. நக்கல் வேண்டாம்.

சரி, ஊர்ச் செய்தி. பாதை முகப்பில் இரும்புக் கேட் போட்டாயிற்று. நான் வாய்க்கால் கரையைச் சுற்றிக் கிணற்றுக்குப் போகிறேன். இந்த மூட்டோடு இருபது நிமிஷம். உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு இன்னும் போடலாம், எஸ்.எல்.பி. தள்ளுபடியானது அதற்குத் தடையில்லை என்று வக்கீல் ஆரம்பித்தார். உன் தங்கச்சி காப்பி டம்ளரை வைத்த சத்தத்தில் எழுந்து போய்விட்டார்.

கேட்டில் பச்சைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறான்: ‘உச்சநீதிமன்ற தீர்ப்புபடி இது தனியார் பாதை’. சட்டம் தப்பு என்பது இருக்கட்டும், இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மை கொட்டியவன் நீ. சித்திரையில் வரும்போது ஒரு சாக்பீஸ் எடுத்து வா.

உன்
கந்தசாமி