கல்வெட்டு வேண்டாம், கூடப் போக ஆள் வேண்டும்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளருக்கும், மற்ற கூட்டாளிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முடிவைப் படித்தேன். இறந்துபோன நம் கூட்டாளியின் படத்தைப் பள்ளியில் திறந்து வைப்பது, தலைமையாசிரியர் அறை வராந்தாவில் அவன் பெயரில் கிரானைட் கல்வெட்டு பதிப்பது, அன்றைக்கு எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. கடையை விட்டு வர முடியவில்லை. வந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். படமும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். (அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் வீட்டுக்காரம்மா அப்படிக் கேட்டுக்கொண்டார். யாரென்று உங்களுக்குத் தெரியும்.)

பத்தாவதோடு படிப்பை விட்டு ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமென்ட் கல், போடப் போனவன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்குகிறபோது ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கக் கூடாது. அவன் தூக்கினால் கலக்காது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே இருபது வருஷம் ஓட்டினான். ரத்தக் கொதிப்பு இருந்தது அவனுக்கே தெரியாது. கால் வீங்கிப்போய் டாக்டரைப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் அநேகமாக முடிந்திருந்தது. கொதிப்பு கெடுத்ததா, மாத்திரை கெடுத்ததா, இரண்டும் சேர்ந்தா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அப்புறம் நாலரை வருஷம் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பணம்தான் பிரச்சினை என்று பலர் நினைத்திருக்கிறீர்கள். இல்லை. டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ரத்தம் ஊறுவதற்கான ஊசிக்கும் மாத்திரைக்கும் சிங்கப்பூரில் இருக்கிற நம் அண்ணன்மார் மாதம் தவறாமல் அனுப்பினார்கள், அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவன் வீட்டுக்காரம்மா முன்வந்தார். அவருக்கே சர்க்கரை இருந்ததால் டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்குப் பதிந்து வைத்திருந்தான். முறை வரவில்லை.

அவனுக்கு இல்லாதது கூடப் போக ஒரு ஆள்.

வீட்டுக்காரம்மா பள்ளிச் சத்துணவு வேலை. மகன் திருப்பூரில். இவன் காலையில் தனியாக பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வருவான், மத்தியானம் தனியாகத் திரும்புவான். போகும்போது ஒன்றும் இல்லை, திரும்பும்போதுதான் கஷ்டம். இரண்டு மூன்று கிலோ எடை நீரை உடம்பிலிருந்து நாலு மணி நேரத்தில் இறக்கிவிட்டால் பிரஷர் விழும், கண் இருட்டும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அந்த நிலைமையில் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பான்.

இடது கையில் பிஸ்டுலா வைத்திருந்தார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து, ஊசி ஏற்றத் தோதாக ரத்தக்குழாயைப் பருக்க வைப்பது. என் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள், "கையை வச்சுப் பாரு, ரைஸ்மில் ஓடுது" என்றான். வைத்தேன். தோலுக்கு அடியில் புர்ரென்று ஒரு அதிர்வு, நிற்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. அதனால் ஊறிய கற்களைத் தொட்டியிலிருந்து எடுக்கிற வேலை போயிற்று. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்ணம் மட்டும் ஊற்றினான்.

மூன்றாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, கூட்டமான பஸ்ஸில் யாரோ இடித்ததில் ஊசி குத்தின இடத்துக் கட்டு விலகிவிட்டது. பிஸ்டுலாவில் ரத்தம் கசியாது, பீய்ச்சும். சட்டை, வேட்டி எல்லாம் நனைந்து, பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா தன் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டதாம். கண்டக்டர் வண்டியை மருத்துவமனைக்கே திருப்பச் சொன்னாராம். இதை அவன் என்னிடம் சொன்னது இரண்டு மாதம் கழித்து, அதுவும் வேடிக்கை போல: "அந்தம்மாவுக்குத் துண்டு வாங்கிக் குடுக்கணும், மறுபடி கண்ணுலயே படல."

அன்றைக்கே நம் குழுவில் எழுதினேன். வாரம் ஒருநாள் யாராவது கூடப் போக முடியுமா என்று. கட்டைவிரல் பொம்மை வரிசையாக வந்தது, ஆள் வரவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. என் கடை செக்காலை ரோட்டில், மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். நாலரை வருஷத்தில் நான் அவனை வீடு வரை கொண்டுபோய் விட்டது பதினோரு தடவை. இறந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழும். அதுதான் இதயத்துக்குச் சோதனை என்பார்கள். அவனும் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்தான் போனான், பஸ்ஸுக்குக் கிளம்புமுன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் படித்த இரண்டு பேர் இப்போதும் அதே மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போகிறார்கள். ஒருவர் நமக்கு மூன்று வருஷம் மூத்த அக்கா. இன்னொருவன் தம்பி, நாற்பதுகூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் அதே செவ்வாய், வியாழன், சனி. விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வாடகைக் காரை மாதக் கணக்கில் பேசிவிடலாம். டிரைவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். கூட ஒரு ஆள் வேண்டும்: எடை பார்க்கும்போது பக்கத்தில் நிற்க, முடிந்த பின் அரைமணி உட்கார வைத்துப் பிரஷர் பார்த்துக் கூட்டிவர. ஊரில் இருக்கிற நாம் மாதத்தில் ஒரே ஒரு நாள் தந்தால் போதும்.

கல்வெட்டு பற்றி இன்னொன்று. வராந்தாத் தரையைத் தோண்டவே வேண்டாம். அந்தக் கற்கள் அவன் போட்டவை. மூன்றாவது வரிசையில் ஒரு கல்லில் மட்டும் ஒரு இதழ் பச்சைக்குப் பதிலாக மஞ்சளாக இருக்கும். கை தவறியது என்று நினைத்துக் கேட்டேன். "கணக்கு வாத்தியார் என்னை முட்டி போட வச்ச இடம்டா அது" என்றான். நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள், தூணுக்குப் பக்கத்தில்.

முதல் செவ்வாயும் மூன்றாவது சனியும் நான் போகிறேன். தலைவர் அண்ணனின் தம்பி இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். எல்லா வியாழனும் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
1987 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அவன் பக்கத்து இடத்துக்காரன்