தூண்டில் கழிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓரியன்டீரிங் போட்டியில் வீரர்களின் நேரத்தைத் திரைக்கு அனுப்பிய என் பெட்டிகளில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போட்டியன்று திரையைப் பார்த்துக் கூவியவர்கள் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஓரியன்டீரிங் பார்வையாளர்களை ஏமாற்றும் விளையாட்டு. வரைபடமும் திசைகாட்டியுமாகக் கொடிகளைத் தேடிக் காட்டுக்குள் நுழைகிறவர், திரும்பி வரும் வரை இல்லாதவர்தான். இடையில் எங்கே முந்தினார், எங்கே வழி தவறினார் என்பதை அப்போதே சொல்லத்தான் இந்தப் பெட்டிகள். வீரர் விரலிலுள்ள சிப்பைக் கொடியருகே உள்ள ஸ்போர்ட்ஐடென்ட் என்ற நேரம் பதியும் நிலையத்தில் வைத்ததும், அந்த நேரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துப் புதரிலிருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்குத் தாவுகிறது. அங்கிருந்து 433 மெகாஹெர்ட்ஸில், லோரா என்ற தொலைதூர வானொலி முறையில் முடிவுக்கோட்டுக்கு வருகிறது. வர வேண்டும் என்பது திட்டம்.

இரண்டு கால்களுக்கு நடுவே ஈயத்தால் பாலம் கட்டிய என் முதல் மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்துச் சிரிக்காமல், பற்றவைக்கக் கற்றுத்தந்த அக்காவுக்கு நன்றி.

திறந்த மைதானத்தில் நன்றாகப் பேசிய பெட்டிகள், மழையில் நனைந்த மரங்களுக்கிடையே பாதிச் செய்திகளை விழுங்கின. லோராவின் பரவல் எண்ணை 7இலிருந்து 12க்கு ஏற்றிவிடலாம் என்று கிளம்பினேன். எண் கூடினால் செய்தி மெதுவாகப் போனாலும் தூரம் தாங்கும். ஒவ்வொரு படி ஏறும்போதும் செய்தி காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நான்கு பேர் சேர்ந்து வந்தால் வரிசை கட்டிவிடும். அப்போதுதான் அமெச்சூர் வானொலிப் பெரியவர் ஒருவர், "தரையில் வைத்துவிட்டு எதற்குக் கத்துகிறாய்? தூக்கிக் கட்டு" என்றார். தன் தூண்டில் கழியையே கொடுத்தார். அதன் நுனியில் 17 சென்டிமீட்டர் ஆண்டெனா கம்பி, அதாவது கால் அலைநீளம். நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் செய்திகள் வந்தன. ஐயா, இரண்டு வாரம் முன்பே உங்களிடம் வந்திருக்க வேண்டும்.

கழியைக் கண்டதும் பாதை அமைத்தவருக்கு முகம் சுருங்கியது. அது நியாயம்தான். கழி தெரிந்தால் கொடி இருக்கும் இடமும் தெரிந்துவிடும். பிறகு வரைபடம் எதற்கு? மறுக்காமல், ஒவ்வொரு கழிக்கும் மரமறைவு தேடித் தந்தார். பச்சை நாடா சுற்றச் சொன்னதும் அவரே.

சோதனை ஓட்டம் ஓடியவர்களில் அந்தக் கல்லூரி மாணவனுக்குத் தனி வணக்கம். 11:50க்குப் புறப்பட்டு 12:20க்குக் கொடியைத் தொட்டவன், புறப்படுவதற்குப் பதினொன்றரை மணி நேரம் முன்பே வந்துவிட்டதாகத் திரை காட்டியது. நிலையம் அரை நாளின் 43,200 விநாடிகளை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிற்பகலா என்பதைத் தனியே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற குறி) சொல்லும். நான் அந்தப் பிட்டைப் படிக்கவேயில்லை. காலையிலேயே சோதித்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? தன் "உலக சாதனையை" ரத்து செய்யும்படி அவன்தான் வந்து கேட்டான்.

கடைசி அரை மணி நேரம் ஒரு கொடி ஊமையானதற்கு மின்கலத்தை முழுதாக ஏற்றாத நானே பொறுப்பு. அதிகாரபூர்வ முடிவு சிப்பிலிருந்தே எடுக்கப்படுவதால் யாருக்கும் நேரம் பறிபோகவில்லை. வர்ணனையாளர்தான் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தார். அவருக்கும், இருட்டிய பிறகு டார்ச்சுடன் போய்ப் பெட்டிகளைத் தூக்கி வந்தவர்களுக்கும் நன்றி.

தூண்டில் கழியை இந்த வாரமே திருப்பித் தருகிறேன், ஐயா. பச்சை நாடாதான் உரிய மறுக்கிறது.

அன்புடன்,
பெட்டிக்காரன்