புகார்: மீட்டர் வைத்து அளக்காமலே சென்சார் மேல் சென்சாராக மாற்றிய உங்கள் சர்வீஸ் சென்டர்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிப் பார்த்தேன், நேரில் வந்து நின்றேன், மெயிலும் போட்டேன். சர்வீஸ் சென்டரைக் கேட்டால் கஸ்டமர் கேரைக் கைகாட்டுகிறார்கள். கஸ்டமர் கேரைக் கேட்டால் சர்வீஸ் சென்டரிலேயே பேசச் சொல்கிறார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

என் லாரி பழசுதான். ஆனால் இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் பிரஷர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், செக் இன்ஜின் லைட் எரியும், வண்டி இழுக்காமல் முக்கும். கொஞ்ச தூரம் போனால் தானாகவே சரியாகிவிடும். குண்டும் குழியுமான ரோட்டில்தான் அதிகம் வரும். இதையெல்லாம் முதல் நாளே ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார்டை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கோளாறைப் படிக்கிற ஸ்கேனரில் வந்த கோடுகள் (code) எஸ்பிஎன் 100, எஸ்பிஎன் 102, எஸ்பிஎன் 157. எஸ்பிஎன் நம்பர் எந்த இடத்தில் கோளாறு என்று காட்டும். அதாவது ஆயில் பிரஷர், டர்போ தள்ளுகிற காற்றின் பூஸ்ட் பிரஷர், இன்ஜெக்டருக்கு டீசல் கொடுக்கிற ரெயில் பிரஷர். மூன்றுக்கும் பக்கத்தில், என்ன வகைக் கோளாறு என்று காட்டுகிற நம்பர் ஒன்றேதான்: எஃப்எம்ஐ 4. வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே இருக்கிறது, அல்லது ஒயர் எங்கோ எர்த்தில் அடிக்கிறது என்று அதற்கு அர்த்தம். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று சென்சாரும் ஒரே நொடியில் செத்துப்போகுமா? மூன்றுக்கும் பொதுவாகக் கரண்ட் கொடுக்கிற 5 வோல்ட் லைன் படுத்தால்தான் இப்படிச் சேர்ந்து விழும். எந்த சென்சார் எந்த லைனில் இருக்கிறது என்பது உங்கள் ஒயரிங் டயகிராமிலேயே இருக்கிறது. அதை வரைந்தவர்கள் நீங்கள்தானே?

ஆனால் நடந்தது என்ன? முதலில் ஆயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். லைட் மறுபடி வந்தது. பூஸ்ட் சென்சாரை மாற்றினார்கள். அப்போதும் வந்தது. கடைசியில் "இசிஎம் போயிடுச்சு, அதை மாத்தினாத்தான் சரியாகும்" என்று, இன்ஜினின் கம்ப்யூட்டரையே மாற்ற எஸ்டிமேட் நீட்டினார்கள். இவ்வளவு நடந்தும் ஒருவர் கையிலும் மல்டிமீட்டரை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கோடை அழித்துவிட்டு "இனி வராது" என்று அனுப்பினார்கள். எந்தக் கோடு எத்தனை தடவை வந்தது என்ற கணக்கும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஏங்க, இவ்வளவு பழைய வண்டிய வச்சுக்கிட்டு எங்க உயிரை எடுக்கறீங்க? எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். என் டிரைவர் பக்கத்தில் நிற்கிறார், மற்ற வண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள். பழைய வண்டி பார்க்க மாட்டோம் என்றால் வாசலில் போர்டு எழுதி வையுங்கள். பில் போடும்போது மட்டும் பழைய வண்டி என்று யாரும் சொல்லவில்லையே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஸ்கேனர் ரெடி, வண்டியைக் கொண்டு வாங்க" என்று அவர்களே போன் செய்தார்கள். வந்த லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலி வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனேன். "இது வட்டமான 9 பின் சாக்கெட், எங்க கேபிள் 16 பின்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த சாக்கெட்டை வைத்து வண்டியை விற்றது உங்கள் கம்பெனி. என்ன மாடல் என்று போனிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கோளாறைக் கண்டுபிடித்தது வெளியில் இருக்கும் ஓர் எலக்ட்ரீசியன். சாவியைப் போட்டு, ஆயில் பிரஷர் சென்சார் கனெக்டரில் மீட்டர் வைத்தார். 5 வோல்ட் காட்டியது. ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய ஹார்னஸைப் பிடித்து ஆட்டினார். 1 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஆட்டியும் அப்படியே விழுந்ததால், கோளாறு ஒயரில்தான் என்று சொல்லிவிட்டார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி ஒயரின் தோல் தேய்ந்து, செம்பு பச்சை பூத்து வெளியே தெரிந்தது. குலுங்கும்போதெல்லாம் அது பிராக்கெட்டில் அடித்திருக்கிறது. வெட்டி, புது ஒயர் போட்டு, ஸ்லீவ் மாட்டி, பிராக்கெட்டில் படாமல் கட்டிவிட்டார். அதன்பிறகு லைட் எரியவே இல்லை.

உங்களால் என் தொழிலே மண்ணோடு மண்ணாகிவிட்டது. வழக்கமாக லோடு கொடுத்த பார்ட்டிகள் எல்லாம் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இனி திரும்பி வரப்போவதில்லை.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை ஐயா. தேவையில்லாமல் மாற்றிய இரண்டு சென்சாரின் விலையையும் அவற்றுக்கான கூலியையும் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய சென்சார்கள் எனக்கு வேண்டும். கேட்டபோது "தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள், அதை நான் நம்பவில்லை. இசிஎம் போய்விட்டது என்று எதை அளந்து சொன்னார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். அந்த சர்வீஸ் அட்வைசர் என் டிரைவர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். அந்த எலக்ட்ரீசியன் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். வெட்டியெடுத்த ஒயர்த் துண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு, பில்கள், இசிஎம் எஸ்டிமேட் ஆகியவற்றின் நகல்கள், தேய்ந்த ஒயரின் போட்டோ