மதுமேகத்திற்கு மருந்து தரும் ஆயுர்வேத மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயுர்வேத மருத்துவர்களுக்கு வணக்கம்.

பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவோடு, அதாவது உங்கள் நூல்கள் மதுமேகம் என்று சொல்லும் நோயோடு, இருப்பவன் நான். காலையில் அலோபதி மாத்திரையும் இரவில் உங்கள் சூரணமும் எடுத்துக்கொள்பவன் என்பதால், உங்கள் மருத்துவத்தை எள்ளி நகையாடுவதற்காக இதை எழுதவில்லை. நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவர்களில் இரண்டு மருத்துவர்களிடமும் போய், ஒருவரிடம் மற்றவரைப் பற்றி வாய் திறக்காதவர்களைக் காத்திருப்போர் பெஞ்சுகளில் நிறையவே சந்தித்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த மௌனத்தை உடைக்க வேண்டியவர்கள் முதலில் நீங்கள் என்று சொல்லவே இம்மடல்.

உங்கள் நூல்களை மொழிபெயர்ப்பில் படித்தபோது என்னை வியக்க வைத்தது மூலிகைப் பட்டியல் அன்று, நோயைப் பகுத்துப் பார்த்த கண். சிறுநீரை எறும்பு மொய்ப்பதை முன்னோடி அறிகுறியாகக் குறித்திருக்கிறார்கள். சிறுநீர் கெடும் நோய்களுக்கு அவர்கள் வைத்த பொதுப் பெயர் பிரமேகம். அதை இருபது வகையாகப் பிரித்து, கபத்தால் வரும் பத்தும் தீரக்கூடியவை, பித்தத்தால் வரும் ஆறும் மருந்தோடு காலம் தள்ளக்கூடியவை, வாதத்தால் வரும் நான்கும் தீராதவை என்று பண்டைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் வரையறுக்கிறார். மதுமேகம் அந்தக் கடைசி நான்கில் ஒன்று. பிறவியிலேயே பிரமேகம் கொண்டவனுக்கும் மதுமேகம் உடையவரின் வழி வந்தவனுக்கும் வித்தின் குறையால் நோய் தீராது என்றும் அவர் சொல்கிறார். இன்னொரு பண்டைய நூலாசிரியரான சுசுருதரோ பிறவியில் வருவது, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது என்று இரண்டாக்கி, முன்னவன் மெலிந்தவன், தாகம் மிகுந்தவன் என்றும், பின்னவன் பருத்தவன், பெருந்தீனிக்காரன், இருக்கையும் படுக்கையும் விரும்புபவன் என்றும் சித்திரம் தீட்டுகிறார். இன்றைய முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவோடு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மெலிந்தவனையும் பருத்தவனையும் ஒரே மருந்தால் அடிக்கக் கூடாது, ஒருவனுக்கு ஊட்டம் தர வேண்டும், மற்றவனுக்குக் கழிக்க வேண்டும் என்ற தெளிவு அங்கே இருக்கிறது. சொகுசாக உட்கார்ந்திருப்பதும் தூங்குவதும், தயிரும் புதுத் தானியமும் வெல்லப் பண்டங்களும் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட்டு, வசதியற்ற நோயாளியைக் குடையும் செருப்பும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்கவும் கிணறு வெட்டவும் சொன்னவர்கள் அவர்கள். (என்னை யாரும் கிணறு வெட்டச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இந்த இடுப்புச் சுற்றளவு இருந்திருக்காது.)

இத்தனை கவனமாகப் பகுத்த மரபின் பெயரால் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு பழுப்புத் தாள் பொட்டலம். அதன் மேல் பென்சிலால் ‘கா – மா’ என்று மட்டும் எழுதியிருந்தது. அரைத் தேக்கரண்டி, காலையும் மாலையும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை நான் சாப்பிடுவதை அந்த மருத்துவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்தாம் நாள் நள்ளிரவு தாண்டி விழித்தபோது தலையணை வியர்வையில் நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின, குளுக்கோமீட்டரின் பட்டையைச் செருகவே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. 52 காட்டியது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் போய்ச் சொன்னபோது, “மூலிகைதானே, ஒன்றும் செய்யாது” என்றார். ஒன்றும் செய்யாது என்றால் அதை மருந்து என்று ஏன் தந்தார் என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அது சூரணத்தால் வந்ததா, அன்றிரவு குறைவாகச் சாப்பிட்டதால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதே தெரியாதபோது வேறெப்படித் தெரியும்?

மூலிகை செய்யும், செய்வதால்தான் கணக்கு வேண்டும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பது போல இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடலழிஞ்சில் என்ற மூலிகையில் உள்ள பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுக்கின்றன. நீரிழிவுக்குத் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் அதைத்தான். வேங்கை மரத்து மருந்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல மையங்களில் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டது: நோய் மிதமாக இருந்த 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வுதான் அது, ஆகவே அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள மாட்டேன். ஆனால் அளவும் காலமும் குறித்து வைத்துச் செய்தார்கள் என்பதால் அதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது. மற்றொரு பழைய நூலாசிரியர் வாக்படர் பிரமேகத்திற்குச் சொன்ன நெல்லியும் மஞ்சளும் முதல் வெந்தயம், நாவல் கொட்டை, பாகற்காய் வரை எல்லாவற்றையும் இப்படி அளந்து கொடுக்க உங்களால் முடியும்.

உலோகம் சேர்ந்த மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுமேகத்திற்குத் தரும் வசந்தகுசுமாகர ரசத்தில் தங்கம், வெள்ளியோடு வங்கமும் நாகமும், அதாவது வெள்ளீயமும் ஈயமும், நெருப்பில் சுட்டெடுத்த பஸ்பமாகச் சேர்கின்றன. முறைப்படி தூய்மை செய்து புடமிட்டால் தீங்கில்லை என்பீர்கள். முறைப்படி நடந்ததா என்பதை நான் எப்படி அறிவேன்? அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவுக்காரனின் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும் உறுப்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்காமல் அவனுக்குப் பஸ்பம் தருவது தகுமா? நச்சுப் பொருள்களின் அட்டவணையில் உள்ளவை சேர்ந்த மருந்துகளின் மேல் ‘மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று நம் மருந்து விதிகள் சொல்கின்றன. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதுமாம். தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மேற்பார்வை நீங்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

அடுத்து, ‘குணப்படுத்துகிறோம்’ என்ற சொல். நீரிழிவுக்குத் தீர்வு என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், மதுமேகம் தீராது என்று சரகர் எழுதி வைத்திருக்க, தொண்ணூறு நாளில் தீரும் என்று பலகை வைப்பவர் எந்த நூலைப் படித்தார்? என் போன்றவனுக்கு அதனால் வருவது பெரும்பாலும் காலவிரயமும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சேதமும். இன்சுலின் சுரப்பே அற்றுப்போன ஒரு பிள்ளையிடம் ஊசியை நிறுத்தச் சொன்னால் நிலை வேறு. சில நாள்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிர் போகும். 1922 சனவரியில் முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற எந்த மருத்துவத்திடமும் வழி இருக்கவில்லை. இன்சுலினை நிறுத்து என்று உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் சொல்வதைக் கேட்டால், முதல் மறுப்பு உங்களிடமிருந்து வர வேண்டும். அலோபதி மருத்துவர் மறுத்தால் அது தொழிற்போட்டி என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். நீங்கள் மறுத்தால் கேட்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. நாடி பார்க்கும்போதே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். கொடுக்கும் மருந்தின் பெயரையும் சேர்மானங்களையும் அளவையும் சீட்டில் எழுதுங்கள். மற்ற மருத்துவரிடம் காட்டும்போது உங்களுக்கு இழுக்கு வருமென்று நினைக்காதீர்கள், பெயரில்லாத பொட்டலம்தான் இழுக்கு. தொடங்கும்போதும் மூன்று மாதம் கழித்தும் சராசரி சர்க்கரையை (HbA1c) பார்த்து, இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்று சொல்லுங்கள். இறங்கினால், மாத்திரையைக் குறைப்பதை அதை எழுதித் தந்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் உங்களில் ஒருவரைப் பார்க்க வருகிறேன். இந்த முறை மாத்திரை அட்டைகள், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், நான் எழுதி வரும் சர்க்கரைக் குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருவேன். மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்