ஆண்டறிக்கை 2024–25: பிள்ளைகள், போன், நம் சங்கம்

பேரவைக்கு வந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், அண்ணாச்சிமார், பின்வரிசையில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் பொடிசுகள் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் உள்ள நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை வாசிக்கிறேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குக்கும் வாறுகாலுக்கும் மனு கொடுத்தோம். விளக்கு எரிகிறது, வாறுகால் அப்படியேதான் கிடக்கிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது பிள்ளைகளின் போன் விவகாரம். நம் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், பெயர் வேண்டாம், கொஞ்சம் திக்கிப் பேசுவான். வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் அவன் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அவன் பேசுவதைப் போலவே பேசி வாய்ஸ் நோட்டும் போட்டார்கள். பையன் தினமும் காலையில் வயிற்றுவலி என்றான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, "சொன்னா அம்மா போனைப் புடுங்கிருவாங்க" என்றான். மற்ற பிள்ளைகளிடம் விசாரித்துப் பார்த்தோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

செயற்குழுவில் இது பெரிய வாக்குவாதமானது. "போனைப் புடுங்கி பீரோல வச்சுப் பூட்டுனா எல்லாம் சரியாப் போயிரும்லா" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். என் கருத்து வேறு. போனைப் பூட்டினாலும் ஸ்டிக்கர் மற்ற பிள்ளைகளின் போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பையனுக்குத்தான் விவரம் தெரியாமல் போகும். அதோடு, கேலி செய்தவர்கள் யாரோ எவரோ இல்லை, அவனோடு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். எனவே பெற்றோரிடம் ஒரே ஒரு வாக்கு கேட்டோம்: பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம் என்று. பலர் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் சிலர் முடியவே முடியாது என்றார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு.

பையனின் விஷயத்தில், குரூப்பை விட்டு வெளியேறும் முன்பே தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். வெளியேறி, குரூப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் யார் எப்போது என்ன போட்டார்கள் என்று காட்டுவது சிரமம். வகுப்பாசிரியரைப் பார்த்தோம். அவர் எல்லா வீட்டுப் பெற்றோரையும் அழைத்துப் பேசியதும் ஸ்டிக்கர் நின்றது. வயிற்றுவலியும் நின்றது.

அக்டோபரில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் போட்டோம். அதில் பேசியவற்றில் வராதவர்களுக்கும் தெரிய வேண்டியவை சில உண்டு. 1930 என்பது பணம் ஏமாந்தவர்களுக்கான எண். பிள்ளைகள் விஷயத்துக்கு 1098, இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தைக் காட்டி எவனாவது மிரட்டினால், 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே படத்திலிருந்து ஒரு அடையாள எண் கணக்கிடப்பட்டு, அது மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். "பாருங்க, என்ன அநியாயம்" என்று ஒரு பிள்ளையின் ஆபாச வீடியோவைத் தெரு குரூப்பில் ஃபார்வர்டு செய்வது சமூக சேவை ஆகாது. அது குற்றம். இப்படிப்பட்ட படத்தை போனில் வைத்திருந்தது தொடர்பான ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் சொல்லிவிட்டது. 2012 போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி ஒரு கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது நம் கடமை. யார் அனுப்பினார்கள், எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள், பரப்பாதீர்கள்.

நம் ஜில்லாவுக்கென்றே ஒரு சாதித் தொல்லை உண்டு, அதைச் சொல்லாமல் அறிக்கை வாசிப்பது போலித்தனம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும்படி கையில் கட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாம் பள்ளியில் கூடாது என்றது. கயிறை அவிழ்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ரீல்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் யார் கையில் இருக்கின்றன? சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு அரிவாளோடு ஸ்டேட்டஸ் வைக்கிறான், மறுநாள் வகுப்பில் அதற்குப் பதில் கிடைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் ஸ்டேட்டஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் நிறுவனம் இந்தியாவிலும் பதின்வயதினர் கணக்கைக் கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த வருஷத்தைச் சரியாகப் போட்டிருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். நம் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இன்ஸ்டாவில் கல்லூரி முடித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குள் போய், குரூப்பில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஒரு நிமிஷ வேலை.

அடுத்த ஆண்டு ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இருவர் உட்கார்ந்து, பிள்ளைகளோ பெற்றோரோ வந்தால் கேட்பதற்கு ஏற்பாடு செய்ய நினைக்கிறோம். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை சொன்னதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகாத வாய் இருந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். இதற்கான தீர்மானத்தை முன்மொழிகிறேன், யாராவது வழிமொழிய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்