தலைவலின்னு வந்தா உடனே மாத்திரையை நீட்டாதீங்க: பள்ளி தாளாளருக்கும் ஹாஸ்டல் வார்டனுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும் வார்டன் மேடத்துக்கும் வணக்கம்.

போன வாரம் நடந்தது உங்க ரெண்டு பேருக்குமே தெரியும், அதனால முதல்ல இருந்து சொல்லப்போறதில்ல. வலி மாத்திரை எதுவும் குடுக்க வேண்டாம்னு டாக்டர் எழுதின லெட்டர் உங்க ஆபீஸ்ல இருக்கு. இருந்தும் ஃபிசிக்ஸ் டெஸ்ட் அன்னைக்கு காலைல என் பொண்ணுக்கு மாத்திரை குடுத்திருக்கீங்க.

ஒரு மாத்திரைதானே, இதுக்குப் போயி இவ்ளோவான்னு மேடம் போன்ல கேட்டாங்க. அடிக்கடி தலைவலி வர்ற பிள்ளைங்க, சாதா பாராசிட்டமாலே ஆனாலும், மாசத்துல 15 நாளுக்குக் குறையாம, மூணு மாசத்துக்கு மேல போட்டுட்டே வந்தா அந்த மாத்திரையே தலைவலியைக் கிளப்பி விட்டுடும் மேடம். காஃபின் எல்லாம் கலந்த கூட்டு மாத்திரைன்னா மாசத்துக்கு 10 நாளே போதும். இதுக்கு வழி மாத்திரையை நிறுத்துறதுதான், ஆனா நிறுத்தினதும் மொதல்ல வலி கூடும், வாந்தி வரும், தூக்கம் வராது, பொதுவா ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் இழுக்கும்.

என் பொண்ணுக்கு வந்ததும் இதேதான், வீட்டுல வச்சு மாத்திரையை நிறுத்தினோம். அந்த நாளுங்கதான் ஐயா கொடுமை. ராத்திரி தலையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு "ஒண்ணே ஒண்ணு குடும்மா"ன்னு கெஞ்சுற பிள்ளைகிட்ட இல்லைன்னு சொல்லணும், சொல்லிட்டு பக்கத்துலயே உக்காந்து பாக்கணும். அவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கினா. இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்டேன், ரிவிஷன் டெஸ்ட் முக்கியம்னு வரச்சொன்னது நீங்க. ஒரு மாத்திரைல குடி முழுகிடாதுதான், ஆனா அன்னைக்கு நீங்களா குடுத்தீங்க, மறுநாள் அவளே வந்து கேட்டா, அப்பவும் குடுத்தீங்க, இப்போ பழையபடி தினமும் கேக்குறா.

காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி, ராத்திரி பதினொன்னு வரைக்கும் ஸ்டடி, டிபனுக்கு பத்து நிமிஷம், கிளாஸ் நடுவுல பாத்ரூம் விடமாட்டாங்கன்னு தண்ணியே குடிக்காத பிள்ளைங்க. தூக்கம், நேரத்துக்கு சாப்பாடு, தண்ணின்னு டாக்டர் எதையெல்லாம் முதல் வைத்தியம்னு சொன்னாரோ அது எதுவும் உங்க டைம்டேபிள்ல இல்ல, மாத்திரை டப்பா மட்டும் எப்பவும் ஃபுல்லா இருக்கு. பேசாம அதையும் ஹாஸ்டல் ஃபீஸ்ல தனியா போட்டு பில் குடுத்துருங்களேன். மன்னிச்சுக்கோங்க, கோவத்துல வந்துடுச்சு.

என் பொண்ணுக்காக மட்டும் கேக்கல. எந்தப் பிள்ளை தலைவலின்னு வந்தாலும் உடனே மாத்திரையை நீட்டாதீங்க. சாப்பிட்டியா தூங்கினியான்னு கேளுங்க, அப்பவும் குடுக்கணும்னா யாருக்கு என்னைக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, ஒரே பிள்ளை வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல வந்தா வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. காய்ச்சலோட கழுத்தும் விறைச்சுக்கிட்டு வலிச்சா நோட்டு எழுதிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

திங்கக்கிழமையில இருந்து மறுபடி நிறுத்தப்போறோம். வலி தாங்க முடியாத அன்னைக்கு சிக் ரூம்ல படுக்க விடுங்க, டெஸ்ட்டை அப்புறமா எழுதட்டும். மாத்திரை மட்டும் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ப்ளஸ் டூ மாணவி ஒருத்தியோட அம்மா