கலிலியோ அத்தியாயம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிவியல் வரலாற்றை எழுதியும் மேடைகளில் பேசியும் வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். கோபர்நிக்கஸ் திருச்சபைக்கு அஞ்சி நூலை மறைத்து வைத்தார், இத்தாலியத் தத்துவ அறிஞர் புரூனோ எரிக்கப்பட்டார், கலிலியோ சிறையில் வாடினார் என்ற வரிசையிலேயே வானியலின் தொடக்க காலம் நம்மிடையே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே சரடில் கோத்துச் சொல்லும்போது, திருச்சபையின் பணத்திலும் கட்டடங்களிலும் நடந்த வானியல் முழுவதும் விடுபட்டுப் போகிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

கோபர்நிக்கஸ் போலந்தின் ஃபிரோம்போர்க் பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருடைய ஆய்வை வெளியிடுமாறு கர்தினால் ஷோன்பெர்க் 1536இல் எழுதிய கடிதம், 1543இல் வந்த அந்நூலின் முன்பக்கங்களிலேயே அச்சாகியிருக்கிறது. நூல் காணிக்கையாக்கப்பட்டதோ பாப்பரசர் மூன்றாம் பவுலுக்கு. வெளியிடத் தயங்கியதற்குக் காரணமாகக் கோபர்நிக்கஸ் அதில் குறிப்பிடுவது பிறரின் ஏளனத்தை. ரோம் அந்நூலைத் திருத்தும்வரை நிறுத்தி வைத்தது 1616இல், அதாவது 73 ஆண்டுகள் கழித்து.

திருச்சபைக்கு வானியல் ஏன் தேவைப்பட்டது என்பதை நம்மவர்கள் அநேகமாகத் தொடுவதில்லை. ஈஸ்டர், பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த சமஇரவு நாளையும் அதையொட்டி வரும் முழுநிலவையும் பார்த்துக் கணிக்கப்படும் திருநாள். அப்போது வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு சுமார் 11 நிமிடம் நீண்டிருந்ததால், மார்ச் 21இல் இருக்க வேண்டிய சமஇரவு நாள் 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு வந்துவிட்டிருந்தது. அதனால்தான் 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டின் நீளத்தைத் துல்லியமாக அளக்க, உயரமும் இருளும் நீண்ட தரையும் உள்ள கட்டடம் வேண்டும். அவை மூன்றும் பேராலயங்களில் இருந்தன.

அப்போது பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்த, இத்தாலியின் பொலோனியா நகரின் புனித பெத்ரோனியோ பேராலயத்தில், 1655இல் காசினி என்ற வானியலாளர் கூரையில் சுமார் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளையிட்டு, தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்கு வடக்குத் தெற்காக ஒரு கோடு பதித்தார். ஓட்டுக்கூரையின் பொத்தல் வழியே வெயில் வட்டமாக விழுவதுபோலவே, நண்பகலில் சூரியனின் உருவம் அந்தக் கோட்டைக் கடக்கும். சூரியன் ஜனவரியில் விரைவாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வதாகத் தெரிவது பண்டைக் காலத்திலேயே அறிந்த செய்தி. வேகம் மாறுவதில்லை, தொலைவு மாறுவதால்தான் அப்படித் தோன்றுகிறது என்ற பழைய கொள்கை சரியானால், தரையில் விழும் சூரிய வட்டத்தின் அளவும் அதே விகிதத்தில் மாற வேண்டும். வேகமே உண்மையில் மாறுகிறது என்ற ஜெர்மன் வானியலாளர் கெப்ளரின் கணக்குப்படி, அளவில் பாதி மாற்றம்தான் இருக்கும். காசினியும் உடனிருந்தோரும் அளந்தபோது கிடைத்தது பாதிதான். கெப்ளருக்குச் சாதகமான இந்தச் சான்று, கலிலியோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகளுக்குப் பின், பலிபூசை நடக்கும் தரையிலேயே எடுக்கப்பட்டது.

ஆனால் நகர்வது சூரியனா பூமியா என்ற கேள்வியை அந்த அளவீடு தீர்க்கவில்லை; தீர்க்காததாலேயே அது யாருக்கும் இடைஞ்சலாகவும் இல்லை. 1633 ஜூன் 22 அன்று, முதுமையில், மண்டியிட்டுத் தன் கருத்தை மறுக்கும்படி கலிலியோ கட்டாயப்படுத்தப்பட்டார். அதன்பின் அவர் இருந்தது பெரும்பாலும் வீட்டுக் காவலில், 1642இல் இறக்கும்வரை. அவர் ஆணவக்காரர், அதனால் வந்த வினை என்று சில சமய அன்பர்கள் எழுதுவதை நான் ஏற்கவில்லை. பூமி நகர்கிறது என்பது வேதத்துக்கு முரண் என்று ஒரு நிறுவனம் தீர்ப்பளித்தது. கோபர்நிக்கஸ், கலிலியோ ஆகியோரின் நூல்கள் திருச்சபையின் தடைப்பட்டியலிலிருந்து முற்றிலும் நீங்க 1835 ஆயிற்று. புரூனோவின் வழக்கில் பல உலகங்கள் பற்றிய கருத்தும் இருந்தது, ஆனால் திரித்துவம் போன்ற இறையியல் குற்றச்சாட்டுகளே மிகுதி. அவரைத் தொலைநோக்கிக்காரர்களோடு சேர்த்து வைப்பது பொருந்தாது. (அவர் எரிக்கப்பட்டது 1600இல், கலிலியோ வானை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பியது 1609இல்.) கெப்ளருக்கு 1612இல் நற்கருணையை (வழிபாட்டில் தரும் புனித அப்பத்தை) மறுத்தது, ரோமைச் சாராத, லின்ஸ் நகரின் லூத்தரன் சபை. ஆகவே ‘திருச்சபை’ என்று ஒருமையில் எழுதும்போது எது என்றும் சொல்லிவிடுங்கள்.

நமக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்து சேர்ந்த இயேசு சபைக் குரு ரிஷோ, 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பார்த்து, ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று கண்டறிந்தார். தமிழ் நூல்களில் இதற்கு ஒரு பத்தியாவது இடம் கிடைக்க வேண்டும்.

அடுத்த பதிப்பில் கலிலியோவை விசாரித்த மன்றத்தின் படத்துக்குப் பக்கத்தில் பொலோனியாப் பேராலயத் தரையில் பதித்த கோட்டின் படத்தையும் அச்சிடுங்கள். 1616, 1633, 1655, 1835 என்ற ஆண்டுகளை ஒரே பக்கத்தில் வாசகர் பார்க்கும்படி வையுங்கள். அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்